அமிர்தி ரோட்டில் பின்சீட்டில் வந்தவர்

புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் இல்லையா, என் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒவ்வொரு வண்டி வாங்கியபோதும் அந்தப் பழத்தை நான் எடுத்துப் பிழிந்து, உப்புப் போட்டுக் கலக்கி, வெயிலில் நின்று குடித்திருக்கிறேன். வேலூரில் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுடுகாட்டு ரோட்டில்தான் ரிவர்ஸ் கற்றுக்கொடுப்பேன், அங்கேதான் கூட்டம் இருக்காது. பேய், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் கிளட்சை ஒழுங்காக மிதி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன். இன்னொருத்தி வந்து என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டு, பாவம், தூக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பேன்.

என் பெயர் ரேணுகா. இருபது வருடமாக நான் காரில் உட்கார்ந்தது இடது பக்க சீட்டில்தான். அங்கே கற்றுக்கொடுப்பவருக்கு என்று தனியாக ஒரு பிரேக் இருக்கும், அதில் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில், இருபது வருடம். அதனால்தான் அந்தச் சிவப்புக் காரை வாங்கினேன். பழைய வண்டிதான், பெங்களூரில் ஒருவர் விற்றது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும், ஸ்பீட் பிரேக்கரைப் பார்த்தாலே அடிவயிற்றில் உரசும். ஆனால் மலை ஏறும்போது இரண்டாம் கியரில் அது போடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு வயது பாதி குறைந்துவிடும். "குடும்பத்தோட போவ முடியாத வண்டி இன்னாத்துக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "அதுக்குத்தான்" என்றேன். பின்சீட்டு என்று ஒன்று உண்டு, அதைச் சீட்டு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பள்ளிக்கூடப் பையை உட்கார வைக்கலாம், பெரிய ஆள் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வந்துவிடும். அதில் ஏற வேண்டும் என்றால் முன்சீட்டை மடித்து முன்னால் தள்ள வேண்டும், இறங்கவும் அப்படித்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை சுமதி ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் டீச்சர். வீட்டுக்காரர் பாஸ்கரனுக்கு பெங்களூரில் வேலை, சனி ஞாயிறு வருவார். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் கீழே அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். அந்த வாரம் பாஸ்கரன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போளூர் வழியாக ஏறிப் போனேன். அவளைப் பார்க்க என்று பெயர், உண்மையில் பாதி வளைவுகளுக்காகத்தான். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

மத்தியானம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், மூன்றரை மணி வாக்கில் பாத்ரூமுக்குப் போனாள். "அக்கா" என்று ஒரு குரல். சத்தம் பெரிதாகக் கூட இல்லை. நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காலடியில் ரத்தம். வலி இல்லை என்றாள். வலி இல்லாமல் அவ்வளவு ரத்தம் போவது எவ்வளவு மோசம் என்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டுச் சொந்தக்கார அம்மாவும் நானுமாக அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நர்ஸ் ஒருவர்தான் இருந்தார், உள்ளே இன்னொரு பெண்ணுக்குப் பிரசவம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. சுமதியைப் பார்த்த உடனே அந்த நர்ஸம்மாவின் முகம் மாறியது. ஊசி போட்டார், கையில் குளுக்கோஸ் ஏற்றினார், ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"இங்க வெச்சிக்க முடியாதுங்க. ஆபரேஷன் பண்ற எடத்துக்கு உடனே போவணும். போளூர்ல இருந்து ஆம்புலன்ஸ் கெளம்பிட்சி, ஆனா வழியில பெரிய மரம் சாஞ்சி ரோட்ட அடைச்சிக்குனு கெடக்குதாம். வெட்டி எடுக்க ஒன்றர மணி நேரம் ஆவும்ங்கிறாங்க."

"ஒன்றர மணி நேரம் தாங்குவாளா?" என்று கேட்டேன்.

அவர் என் கையில் இருந்த கார் சாவியைப் பார்த்தார். "வேலூருக்கு எறங்குற அமிர்தி ரோடு தெறந்துதான் இருக்கு. காட்டு ரோடு, மழ வேற. ஓட்டுவீங்களா?"

"ஓட்டுறதுதாங்க என் தொழிலே" என்றேன்.

அவரால் கூட வர முடியாது, உள்ளே இருக்கிறவளை விட்டுவிட்டு எப்படி வருவார். வீட்டுக்கார அம்மா வருகிறேன் என்றார். அவருடைய உடம்புக்கு அந்தப் பின்சீட்டு ஆகாது, கனம் கூடினால் பள்ளத்தில் வண்டி அடிவாங்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடது பக்க முன்சீட்டை முழுக்கப் பின்னால் சாய்த்து, போர்வை விரித்து, சுமதியை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, குளுக்கோஸ் பாட்டிலை மேலே கைப்பிடியில் கட்டினேன். சீட்டைச் சாய்த்ததில் இடது பின்சீட்டு மறைந்தே போனது. மிச்சம் இருந்தது எனக்கு நேர் பின்னால் இருந்த இடம் மட்டும்தான். அங்கே ஒன்றும் இல்லை. பை, குடை, தண்ணி பாட்டில் எல்லாம் டிக்கியில். இதை இத்தனை முறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் அழவில்லை, ஒன்றும் செய்யவில்லை. என் மனதில் இருந்தது ஒரே ஒரு விஷயம், கீழே போய்ச் சேர வேண்டும். வேகமாகப் போகிறவன் போய்ச் சேர மாட்டான், வண்டியைக் குலுக்காமல் போகிறவன்தான் போய்ச் சேருவான், இதை ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும், அவள் உடம்பு ஒரு பக்கமும் சாயாத மாதிரி திருப்பிக்கொண்டு போனேன். போனில் சிக்னல் போய்விட்டது. எதிரில் ஒரு வண்டி இல்லை.

காடு அடர்த்தியாகிற இடத்தில், ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி இருக்கும், பீப் பீப் என்று சத்தம் ஆரம்பித்தது. பெல்ட் போடச் சொல்கிற சத்தம். சுமதிக்கு வயிற்றுக்குக் கீழே சுற்றிப் பெல்ட் போட்டிருந்தேன், எனக்கும் போட்டிருந்தேன். எதிரே இருந்த போர்டைப் பார்த்தால், பின்சீட்டு விளக்கு எரிகிறது. வலது பின்சீட்டு. அந்த வண்டியில் பின்னால் கனம் ஏறினால்தான் அந்த விளக்கு எரியும். மழைத் தண்ணி எங்கோ வயரில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இப்போதும் அப்படி நினைக்கத்தான் ஆசை.

சுமதி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அக்கா, பின்னாடி யாரு குந்திக்குனு இருக்காங்க?"

"யாரும் இல்லடி. நீ பேசாம படு."

"இல்லக்கா. ஒரு அம்மா. நனஞ்சி போய் கீறாங்க."

பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். பின் கண்ணாடி முழுக்க மழைநீர், அதற்கு முன்னால் வெறும் சீட்டு. ரத்தம் போனால் இப்படித்தான் பினாத்துவார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் அந்தச் சத்தம் நிற்கவில்லை. வண்டி ஓட ஓட அது வேகம் பிடித்துக் கத்தும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு எஞ்சின் கேட்கவில்லை, சுமதியின் மூச்சு கேட்கவில்லை. மூச்சு கேட்காமல் என்னால் ஓட்ட முடியாது. பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கி, மழையில் நின்று, என் சீட்டை மடித்து முன்னால் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. சீட்டு காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை, தொழில் பழக்கம். "யாரா இருந்தாலும் சரி, என் வண்டியில வர்றதுன்னா பெல்ட்டு போட்டுக்குனுதான் வரணும்" என்று சத்தமாகவே சொல்லி, பெல்ட்டை இழுத்து மாட்டினேன். டக் என்று விழுந்தது, சத்தம் நின்றது. நான் மறந்தாலும் என் கை மறக்காத ஒன்று உண்டு. வெறும் சீட்டுக்குப் பெல்ட் மாட்டினால் எவ்வளவு நீளம் இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைவிட ஒரு முழம் கூடவே இழுக்க வேண்டியிருந்தது. மாட்டிய பிறகும் அது சீட்டோடு ஒட்டிப் படியவில்லை. நான் இரண்டாம் முறை பார்க்காமல் சீட்டைத் தள்ளி, உட்கார்ந்து, வண்டியை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மேகம் இறங்கியது. மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், மழையோடு சேர்ந்து இறங்கினால் வண்டியின் முன்மூக்கே தெரியாது. விளக்குப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அந்த ரோட்டில் நான் முன்னால் இரண்டு முறை வந்திருப்பேன், வளைவெல்லாம் மனப்பாடம் இல்லை. பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தேன். சுமதியின் கை சில்லென்று ஆகிக்கொண்டிருந்தது. இப்படியே ஊர்ந்தால் போய்ச் சேரும்போது ஒருத்தி இருக்க மாட்டாள், இல்லை இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள் என்று புரிந்தது.

அப்போது அவள் சொன்னாள். "அக்கா, அடுத்தது எடது. முழுசா ஒடிக்கணும்."

என் தங்கைக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. மலை பஸ்ஸில் ஏறினால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், இறங்கும்போதுதான் திறப்பாள். அவளுக்கு எது இடது, எது வலது. ஆனால் நான் திருப்புவதற்குத் தயாராக இருந்தபோது, வளைவு இடது பக்கமாகத்தான் வந்தது, முழுசாக ஒடிக்க வேண்டியதாகத்தான் வந்தது.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"நான் சொல்லலக்கா. அவங்க சொல்றாங்க. எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலியா?" கண் மூடியே இருந்தது. "இப்ப வலது. சின்னது. அப்பால நேரு, கொஞ்ச தூரம் வேகமா போலாமாம்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வேகமாகப் போனேன். யார் சொன்னால் என்ன, சொன்னது சரியாக இருக்கிறது, என் தங்கை செத்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளைச் சுவருக்குள் மூன்றாம் கியரைப் போட்டேன். வாழ்நாளில் நான் அப்படி ஓட்டியதில்லை, இனி ஓட்டவும் மாட்டேன். அவள் வாய் சொல்லச் சொல்ல என் கை திருப்பியது. எடது. வலது. பள்ளம், மெதுவா. வலது, ஒடி. ஒரு இடத்தில் "நடு ரோட்டுல மாடு நிக்குது" என்றாள். பிரேக் போட்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. ஹாரன் அடித்ததும் மூக்குக்கு நேராக, இரண்டு அடி தள்ளி, வெள்ளையாக ஒன்று அசைந்து, ஓரமாக விலகிப் போனது.

பிறகு ஓடை குறுக்கே போகிற இடம் வந்தது. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன், தண்ணி பேரிரைச்சலாகக் கேட்டது. சுமதி திடீரென்று என் கையைப் பிடித்தாள், அவ்வளவு பலம் அவளுக்கு எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை.

"வலது ஓரமா போ. பாறைய ஒரசிக்குனு போ. எடது பக்கம் ரோடு இல்ல."

வலது பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டேன். பாறை கதவில் உரச உரச, இரண்டு சக்கரம் தண்ணியிலும் இரண்டு சக்கரம் மண்ணிலுமாக ஏறிப் போனேன். அந்தக் கீறல் இப்போதும் இருக்கிறது, பெயின்ட் அடிக்கவில்லை. கடக்கும்போது இடது பக்கம் ஒரு நொடி மேகம் விலகியது. அங்கே ரோடு இல்லை. தார் பிய்ந்து, பாதி ரோடு அப்படியே கீழே போயிருந்தது, சேற்றுத் தண்ணி அதில் விழுந்துகொண்டிருந்தது. நான் வழக்கமாகப் போகிற மாதிரி இடது பக்கமே போயிருந்தால் இன்றைக்கு உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனோம் என்று தெரியவில்லை. மேகம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, மரம் தெரிய ஆரம்பித்தது. இனி நானே பார்த்து ஓட்டிவிடலாம் என்று மூச்சு விட்டபோது, மறுபடியும் பீப் பீப். அதே விளக்கு. பெல்ட் கழன்றிருக்கிறது.

"அக்கா, அவங்க எறங்கணுமாம்."

"கீழ போய் எறங்கிக்கலாம்னு சொல்லு. இப்ப நிக்க நேரமில்ல."

அவள் உதடு மட்டும் அசைந்தது. "அவங்க வூடு இங்கதானாம். அழறாங்கக்கா."

நான் இன்னும் ஒரு வளைவு போனேன். நிற்கக் கூடாது என்றுதான் பிடிவாதமாகப் போனேன். ஆனால் அந்த மாடும் அந்த ஓடையும் கண்ணுக்குள் வந்தன. இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டவரை, வேண்டாத இடத்தில் இறக்கிவிடுவது எந்த ஊர் நியாயம். இருபது நொடி, அவ்வளவுதான். நிறுத்தினேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், வீடு என்று எதுவும் இல்லை, மூங்கில் புதர்தான். இறங்கி, என் சீட்டை மடித்து முன்னால் தள்ளி, கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வெறும் இடத்துக்கு வழி விட்டு, மழையில், நாற்பது வயதுப் பொம்பளை.

பின் பக்கம் வண்டி லேசாக எழும்பியது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவர் இறங்கினால் தெரியுமே, அந்த மாதிரி. அவ்வளவுதான். வேறு எதையும் நான் பார்க்கவில்லை. சுமதி உள்ளே இருந்து கத்தினாள். நான் சீட்டைத் தள்ளி உட்கார்ந்தேன், வண்டியை எடுத்தேன், பீப் சத்தம் இல்லை, விளக்கு இல்லை. அமிர்தி செக்போஸ்ட்டைத் தாண்டியபோது வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. சிக்னல் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். வேலூரில் வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள், நேராகத் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். பெண் குழந்தை. என் உள்ளங்கை அளவு தலை. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இப்போது என்னைக் கண்டால் கார் சாவியைக் கேட்டு அழுகிறாள்.

அடுத்த வாரமே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். பின்சீட்டைக் கழற்றி, வயரை எல்லாம் பிரித்துப் பார்த்தான். ஈரம் இல்லை, கோளாறு இல்லை. கல்லை வைத்துப் பார்த்தான், விளக்கு எரிந்தது. எடுத்தான், அணைந்தது. "நல்லாத்தாங்கக்கா இருக்குது, இன்னா பிரச்சன?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன்.

அந்த ரோட்டில் எப்போது யார் விழுந்தார்கள், யார் போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யாராவது ஒரு கதை சொல்வார்கள். எந்த மலை ரோட்டில்தான் யாரும் சாகவில்லை? கதை கிடைத்துவிட்டால் மனது அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், அது எனக்குப் பிடிக்காது. பயந்துபோய் அந்தப் பக்கம் போகாமலும் இருக்கவில்லை. ரோட்டைச் சரிசெய்த பிறகு நான்கு முறை போய் வந்துவிட்டேன், அதே வண்டியில், தனியாக. ஒன்றும் ஆகவில்லை. சுமதிக்கு அந்தப் பயணமே ஞாபகம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் அதோடு விட்டுவிட்டேன்.

போன தை மாதம் என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு பொய் சொல்லிட்டேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

நான் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தம்மா வழி சொன்னாங்களே, அது உனக்குச் சொல்லலக்கா. உன்ன அவங்க வேற பேர்ல, ஒரு ஆம்பள பேர்ல கூப்ட்டாங்க. 'தொர, எடது பக்கம் ஒடி. தொர, பாத்துப் போ'ன்னு. நான்தான் அந்தப் பேர எட்த்துட்டு அக்கான்னு மாத்தி மாத்திச் சொன்னேன்."

"சரி, வுடு. யாரா இருந்தா இன்னா."

"எறங்கும்போது, 'நீ வர்லியா தொர, வூடு வந்துட்ச்சே'ன்னு கேட்டாங்க."

"நான் கதவப் புட்ச்சிக்குனுதானே நின்னேன்? நீ கத்துன, வந்து குந்துனேன்."

சுமதி என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவள் முகம் எனக்குத் தெரியும், விளையாடுகிற முகம் எது என்று தெரியும். அது அந்த முகம் இல்லை.

"நீ நிக்கலக்கா. கதவ வுட்டுட்டு நடந்த. பள்ளத்துப் பக்கம், மூங்கிலுக்குள்ள, பத்துப் பதினஞ்சி அடி போய்ட்ட. ஒரு கைய இப்படி நீட்டிக்குனு போன, யாரோ புட்ச்சிக்குனு கூட்டிக்குனு போற மாதிரி. அக்கா அக்கான்னு தொண்ட கிழியக் கத்துனேன். ரேணுகான்னு பேரச் சொல்லிக் கூப்ட்டேன். நீ திரும்பவே இல்ல. எனக்கு எழுந்திரிக்க முடியல." அவள் ஒரு மல்லாட்டையை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள். "கடைசியா, தொரன்னு கூப்ட்டேன். அப்பதான் திரும்பின."

இதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்று இன்றைக்கும் எதன் மேல் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். ஆனால் போன வாரம் ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன், கூட்டத்தில் எவரோ ஒரு பெண், தன் மகனையோ வீட்டுக்காரரையோ, "தொர" என்று கூப்பிட்டாள். நான் "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.